பாஸ்வேர்ட் வேற, பூட்டு வேற: எடிட்டர்லேர்ந்து மெயில் அனுப்ப நெனைக்கிறவங்களுக்கு

போன ஞாயித்துக்கெழம மத்தியானம் தண்டையார்பேட்டை வீட்டுக்கு ஒரு தம்பி வந்தான். காலடிப்பேட்டை பையன், காலேஜ்ல கடைசி வருஷம். லேப்டாப்ப மடக்கக்கூட இல்ல, தெறந்தபடியே ரெண்டு கையிலயும் ஏந்திகிட்டு ஷேர் ஆட்டோல வந்திருக்கான், ஏதோ குழம்பு சட்டிய கொண்டாந்த மாதிரி.

"ண்ணா, ஈமேக்ஸ்லேர்ந்து மெயில் அனுப்பலாம்னு ரெண்டு நாளா மல்லுக்கட்டுறேன், போகவே மாட்டேங்குது. என்க்ரிப்ஷன்லாம் போட்டேண்ணா, அப்பவும் பாஸ்வேர்ட் தப்புங்குது."

ஈமேக்ஸ்னா ப்ரோக்ராம் எழுதுறவங்க புழங்குற ஒரு எடிட்டர். அவன் சொன்ன ஒரு வரியிலேயே சிக்கல் இன்னான்னு தெரிஞ்சு போச்சு. என்க்ரிப்ஷன் போட்டா பாஸ்வேர்ட் சரியாயிடும்னு நெனைக்கிறான். அவன் மட்டும் இல்ல, வேலைக்கு போற ஆளுங்களே "எஸ்எஸ்எல் போடு, ஆத் ஆன் பண்ணு, போர்ட் மாத்திப் பாரு"ன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டித்தான் பேசுறாங்க. ஒண்ணு வேலை செய்யலன்னா இன்னொண்ண மாத்துறது, அதுவும் ஆகலன்னா ரெண்டையும் மாத்துறது. அவனுக்கு அன்னிக்கு சொன்னத இங்க கொஞ்சம் நெதானமா எழுதுறேன்.

## எடிட்டருக்கு மெயில் எதுக்கு

சுருக்கமா சொல்லிட்டு போறேன். நாள் பூரா ஈமேக்ஸ்லயோ விம்லயோ உக்காந்து எழுதுறவங்களுக்கு மெயிலையும் அங்கேயே எழுதிட்டா கை நகர வேண்டியதில்ல, அவ்ளோதான். லினக்ஸ் கர்னல் மாதிரி ப்ராஜெக்ட்ல ப்ரோக்ராம்ல பண்ற மாத்தத்தையே மெயிலாத்தான் அனுப்பணும், அதுக்கு கிட்டுக்குள்ளயே (மாத்தத்தையெல்லாம் வரலாறா பதிஞ்சு வெக்குற கருவி) மெயில் அனுப்புற கமாண்ட் இருக்கு. ப்ரவுசர்ல மெயில் அனுப்பும்போது பின்னாடி நடக்குறது எதுவும் நம்ம கண்ணுக்கு வராது. எடிட்டர்னா அந்த வேலைய நாமளே செட் பண்ணணும், அங்கதான் பேஜார் ஆரம்பிக்குது.

எடிட்டர் நேரா உங்க நண்பர் மெயில்பாக்ஸுக்கு போய் போடாது. உங்க மெயில் கம்பெனியோட சர்வர்கிட்ட குடுக்கும், அந்த சர்வர் வாங்கி மேல அனுப்பும். இப்படி குடுக்குறதுக்கு ரெண்டு பேரும் பேசிக்குற பாஷைக்கு பேரு எஸ்எம்டிபி. இதுக்கு மேல வர்றது எல்லாமே அந்த குடுக்குற எடத்துல நடக்குற சமாச்சாரம்.

## அடகு கடை கவுன்ட்டர்

பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு அடகு கடைக்கு போறீங்கன்னு வெச்சுக்கோங்க, அம்மா வளையல மீட்கணும். கடைக்காரர் ரசீது கேப்பார், நீங்கதானான்னு பாப்பார். எவன் வந்து கேட்டாலும் வளையல தூக்கி குடுத்துட முடியாதில்ல. இப்படி "நீ யாரு"ன்னு கேட்டு சரி பாக்குறதுதான் ஆத்தென்டிகேஷன். மெயில்ல அது யூசர்நேமும் பாஸ்வேர்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. கவுன்ட்டர்ல பத்து பேர் நிக்குறாங்க, அதுல ஒருத்தி உங்க தெரு அக்கா. எவ்ளோ பவுனு, எவ்ளோ கடன், எத்தன மாசம் வட்டி பாக்கின்னு அங்க நின்னு பேசுனா சாயங்காலத்துக்குள்ள தெருவே பேசும். அதனால கடைக்காரர் "உள்ள வாங்க"ன்னு சின்ன ரூமுக்கு கூட்டிட்டு போய் கதவ சாத்திடுவார். வெளிய இருக்குறவனுக்கு எதுவும் கேக்காது. இதுதான் என்க்ரிப்ஷன். இணையத்துல அந்த கதவுக்கு பேரு டிஎல்எஸ். பழைய பேரு எஸ்எஸ்எல், அந்த பழைய கதவ எப்பவோ கழட்டி எறிஞ்சாச்சு, ஆனா பேர மட்டும் ஊரே இன்னும் விடாம புடிச்சிட்டிருக்கு.

ரூமுக்குள்ள போய்ட்டதால நீங்க யாருன்னு கடைக்காரருக்கு தெரிஞ்சிடாது, ரசீத காட்டித்தான் ஆகணும். அதே மாதிரி ரசீத காட்டிட்டதால பேசுறது ரகசியமாயிடாது, கவுன்ட்டர்லயே நின்னு காட்டினா பக்கத்துல இருக்குறவன் நம்பர பாத்துப்பான். அதனாலதான் மொதல்ல கதவு, அப்புறம் ரசீது. இந்த வரிசை மாறினா ரசீது இருந்தும் பிரயோஜனம் இல்ல.

## இதெல்லாம் ஆரம்பத்துல கெடையவே கெடையாது

எஸ்எம்டிபிய எழுதி வெச்சது 1982ல, ஜான் போஸ்டல்ங்கறவர். அதுல பாஸ்வேர்டும் இல்ல, பூட்டும் இல்ல. நெட்வொர்க்ல இருந்ததே கொஞ்சம் பேரு, யுனிவர்சிட்டி, ஆராய்ச்சி எடம்னு கிட்டத்தட்ட ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்ச கூட்டம். யார் வேணா வந்து "இந்தா லெட்டர், போய் சேத்துடு"ன்னு நீட்டலாம், சர்வரும் வாங்கிக்கும். அப்புறம் ஊரே உள்ள வந்துச்சு, ஸ்பேம் வந்துச்சு, ஒட்டுக்கேக்குறவனும் வந்தான்.

அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா ஒட்டு போட்டாங்க. 1998 கடைசில, ஆளுங்க மெயில் குடுக்குறதுக்குன்னு 587ங்கற தனி வாசல் வந்துச்சு, பழைய 25 சர்வரும் சர்வரும் தங்களுக்குள்ள மாத்திக்குறதுக்குன்னு ஆச்சு. 1999ல பூட்டு போடுற வழியும் பாஸ்வேர்ட் கேக்குற வழியும் வந்துச்சு, தனித்தனி விதி ஆவணமா, ரெண்டு மாச இடைவெளில. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்குற எல்லாரும் இத ஒரு நிமிஷம் யோசிக்கணும், பொறக்கும்போதே அது ரெண்டு வேற வேற புள்ளைங்க.

அந்த வாசல் நம்பர்தான் போர்ட். ஒரே கட்டடத்துக்கு நாலு பக்கம் கதவு இருக்குற மாதிரி, எந்த கதவ தட்டுறோமோ அதுக்கேத்த மாதிரி உள்ள பழகணும்.

## உள்ரூமுக்கு ரெண்டு வழி

தம்பி மொத நாள் முழுக்க வீணாக்கினது இங்கதான்.

மொத வழி, கவுன்ட்டர்ல வந்து வணக்கம் சொல்லி, "உள்ள போய் பேசலாமா"ன்னு கேட்டு, அப்புறம் ரூமுக்குள்ள போறது. இதுக்கு பேரு ஸ்டார்ட்டிஎல்எஸ், சாதாரணமா 587ல நடக்கும். ஆரம்பத்துல பேசுற ரெண்டு மூணு வரி வெளிய கேக்கும், அதுல ரகசியம் எதுவும் இல்லாததால பரவால்ல.

ரெண்டாவது வழி, பின்னாடி சந்துல ஒரு கதவு, தெறந்தா நேரா அந்த ரூம்தான். வெளிய பேச்சே கெடையாது, மொத வார்த்தையே பூட்டுக்குள்ள. இது 465. இந்த 465க்கு ஒரு சோகக்கதை இருக்கு, 1997ல அத இந்த வேலைக்குன்னு குடுத்தாங்க, அப்புறம் ஸ்டார்ட்டிஎல்எஸ் வந்ததும் வேணாம்னு திரும்ப வாங்கிட்டாங்க, ஆனா ஜனம் கேக்கல, அது பாட்டுக்கு பயன்படுத்திட்டே இருந்துச்சு, கடைசில 2018ல வந்த ஆவணம் "சரி, 465ஐயே பயன்படுத்துங்க, அதுதான் நல்லது"ன்னு சொல்லிடுச்சு. பழைய கட்டுரைல "465 காலாவதி"ன்னு படிச்சு குழம்பினவங்க இருந்தா உங்க தப்பு இல்ல.

கதவு ஒண்ணு, பழக்கம் இன்னொண்ணுன்னு கலந்துட்டா இன்னா ஆகும்? தம்பி போர்ட் 465ன்னு போட்டுட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ்னும் போட்டிருந்தான். எடிட்டர் கதவுகிட்ட நின்னு சர்வர் வணக்கம் சொல்லும்னு காத்துட்டிருக்கு. சர்வரோ இவன் பூட்டு பேச்ச ஆரம்பிப்பான்னு காத்துட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துகிட்டு அப்படியே நிக்குது, எரர்கூட வராது, ஸ்க்ரீன் ஒறஞ்சு போய்டும். அவன் நெட்டு போச்சுன்னு நெனச்சு மொட்டமாடிக்கு போய் போன் ஹாட்ஸ்பாட்லாம் போட்டு பாத்திருக்கான். திருப்பி போட்டா, அதாவது 587ல நேரா பூட்டோட போனா, சில மென்பொருள்ல வெர்ஷன் நம்பர் தப்புன்னு ஒரு விசித்திரமான எரர் வரும். வெர்ஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, சர்வர் சொன்ன வணக்கத்த எடிட்டர் பூட்டோட பாகம்னு நெனச்சு படிச்சு முழிச்சிட்டு நிக்குது.

பேர் கொழப்பம் வேற தனியா. ஈமேக்ஸ்ல 465 வழிக்கு போடவேண்டிய வார்த்தை இன்னும் 'எஸ்எஸ்எல்'தான், உள்ள ஓடுறது டிஎல்எஸ். கிட் மெயில் கமாண்ட்ல 'எஸ்எஸ்எல்'னா நேர் கதவு, 'டிஎல்எஸ்'னா ஸ்டார்ட்டிஎல்எஸ். ரெண்டுலயும் பூட்டு ஒண்ணுதான், எப்போ பூட்டுறோம்ங்கறது மட்டும்தான் வித்தியாசம். "டிஎல்எஸ் எஸ்எஸ்எல்ல விட புதுசு, அதனால 587தான் பாதுகாப்பு"ன்னு யாராச்சும் சொன்னா தலையாட்டிட்டு வந்துடுங்க.

இதுவரைக்கும் வந்தத சுருக்கி சொன்னா: 465னா நேர் கதவு, 587னா கேட்டுட்டு உள்ள போறது, போர்ட்டும் வழியும் ஜோடியா மாறணும், ஒண்ண மட்டும் மாத்தக்கூடாது.

## "முடிஞ்சா பூட்டு"ங்கறது பூட்டு இல்ல

ஈமேக்ஸ்ல இந்த செட்டிங்க தொடாம விட்டா அது எப்படி நடந்துக்கும்னா, ஸ்டார்ட்டிஎல்எஸ் கெடச்சா போட்டுக்கும், கெடைக்கலன்னா பூட்டு இல்லாமலே பேச்ச தொடரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அடகு கடைல உங்களுக்கும் கடைக்காரருக்கும் நடுவுல ஒருத்தன் நின்னுகிட்டு, கடைக்காரர் "உள்ள வாங்க"ன்னு சொல்றத உங்க காதுல விழாம பண்ணிட்டான்னா? ரூமே இல்ல போலிருக்குன்னு நெனச்சு கவுன்ட்டர்லயே எல்லாத்தையும் கொட்டிடுவீங்க. நெட்வொர்க்ல நடுவுல இருக்குறவன் இத நெஜமாவே பண்ண முடியும், சர்வர் அனுப்புற லிஸ்ட்லேர்ந்து அந்த ஒரு வார்த்தைய உருவிட்டா போதும்.

அதனால ஸ்டார்ட்டிஎல்எஸ்ங்கற வார்த்தைய வெளிப்படையா எழுதி வெக்கணும். அப்போ அர்த்தம் மாறிடும்: ரூம் இல்லன்னா பேச்சே இல்ல, மெயில் போகாட்டியும் பரவால்ல. எனக்கு கேட்டா எல்லா மென்பொருள்லயும் இதுதான் எடுத்தவுடனே இருக்கணும்.

## ரூம் சரி, கடை சரியான கடையா?

கதவ சாத்தினதும் நிம்மதியா பேச ஆரம்பிச்சிடுறோம், ஆனா உள்ள உக்காந்திருக்கறவன் நெஜமான கடைக்காரரா? சும்மா ஒரு ரூம் புடிச்சு போர்டு மாட்டினவனா? இதுக்குத்தான் சர்டிஃபிகேட், சர்வர் நம்மகிட்ட காட்டுற லைசன்ஸ். நம்ம கம்ப்யூட்டர் நம்புற ஒரு மூணாவது ஆளு கையெழுத்து போட்டிருக்கணும், நாம தேடி வந்த பேரும் அதுல இருக்குற பேரும் ஒண்ணா இருக்கணும், தேதி தாண்டியிருக்கக்கூடாது.

கவனிச்சீங்களா, இங்க ஆத்தென்டிகேஷன் திரும்ப வந்துடுச்சு, ஆனா எதிர்பக்கமா. பாஸ்வேர்ட் நாம யாருன்னு சர்வருக்கு சொல்லுது, சர்டிஃபிகேட் சர்வர் யாருன்னு நமக்கு சொல்லுது. சர்டிஃபிகேட்ல ஏதாவது இடிச்சா ஈமேக்ஸ் நிறுத்தி "தொடரவா"ன்னு கேக்கும். எரிச்சல்ல ஆமான்னு அமுக்கிடாதீங்க, முக்கியமா லாட்ஜ் வைஃபை, டீக்கடை வைஃபைல இருக்கும்போது.

## நெஜமா பேசிக்குறது இதான்

தம்பி லேப்டாப்ல ஈமேக்ஸ் எழுதி வெச்சிருந்த பேச்சுவார்த்தைய தெறந்து காட்டினேன், அதுக்குன்னு ஒரு பஃபர், அதாவது ஈமேக்ஸுக்குள்ள ஒரு எழுத்துப் பக்கம், இருக்கு, நெறைய பேர் அத பாக்குறதே இல்ல. 587ல நடக்குறது இப்படி.

சர்வர் 220ன்னு ஒரு நம்பரோட வணக்கம் சொல்லும். எடிட்டர் 'ஈஹெலோ'ன்னு சொல்லும், எழுத்துப்பிழை இல்ல, அதான் அந்த வார்த்தை. உடனே சர்வர் 250ன்னு வரிசையா தனக்கு இன்னா இன்னா தெரியும்னு பட்டியல் போடும், அதுல ஸ்டார்ட்டிஎல்எஸ் இருக்கும். நெறைய சர்வர்ல இந்த பட்டியல்ல பாஸ்வேர்ட் பத்தி பேச்சே இருக்காது. எடிட்டர் ஸ்டார்ட்டிஎல்எஸ்னு சொல்லும், சர்வர் 220 சரி வாங்கும், கதவு மூடும்.

இப்போ எடிட்டர் மறுபடியும் ஈஹெலோ சொல்லும், மொதல்ல கேட்டத எல்லாம் மறந்துட்டு. வெளிய கேட்ட பட்டியல எவனாச்சும் மாத்தியிருக்கலாம் இல்லையா, அதனால உள்ள வந்து புதுசா கேக்கணும்ங்கறது சட்டம். இந்த தடவ வர்ற பட்டியல்லதான் 'ஆத்'ங்கற வரி, அதாவது ஆத்தென்டிகேஷன், மொளைக்கும். அப்புறம் பாஸ்வேர்ட் போகும், சரின்னா 235, தப்புன்னா 535. அதுக்கப்புறம்தான் யார்கிட்டேர்ந்து, யாருக்கு, இன்னா சமாச்சாரம்ங்கறதெல்லாம். கடைசில தனியா ஒரு வரில ஒரே ஒரு புள்ளி வெச்சா மெயில் முடிஞ்சதுன்னு அர்த்தம்.

இத ஒரு தடவ கண்ணால பாத்துட்டீங்கன்னா எரர தேடுற வேலை பாதியா கொறஞ்சிடும். ஒண்ணுமே வராம தொங்குதுன்னா கதவுலதான் கோளாறு, பாஸ்வேர்ட தொடாதீங்க. 530 வந்து ஸ்டார்ட்டிஎல்எஸ் மொதல்லன்னு சொன்னா கதவ சாத்தாம ரசீத நீட்டியிருக்கீங்க. 535 வந்தா கதவுலாம் நல்லாத்தான் இருக்கு, ரூமுக்குள்ள உக்காந்துதான் சர்வர் உங்கள தெரியாதுன்னு சொல்லுது, இனிமே போர்ட்ட மாத்தி பிரயோஜனமே இல்ல.

## க பாஷை

பூட்டு இல்லாத காலத்துல பாஸ்வேர்ட் போனப்போ பாத்தா ஏதோ புரியாத எழுத்தா இருக்கும், அத பாத்து "ஏற்கெனவே என்க்ரிப்ட் ஆகித்தானே போகுது"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அது பேஸ்64. சின்ன வயசுல க பாஷை பேசியிருப்பீங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி ஒரு க போட்டு, 'வாடா'வ 'கவாகடா'ன்னு. புதுசா கேக்குறவனுக்கு புரியாது, ஆனா தெருவுல எல்லா புள்ளைங்களுக்கும் தெரியும். பேஸ்64 அதேதான், மூணு பைட்ட எடுத்து நாலு எழுத்தா மாத்தி எழுதுறது, சாவின்னு ஒண்ணே கெடையாது, யார் வேணா ஒரு நொடில திருப்பலாம். கதவ சாத்தாம க பாஷைல கத்தினா கத்தினதுதான்.

## ரசீத எங்க வெக்குறது

ஜிமெயில் வெச்சிருக்கறவங்க, உங்க சாதாரண பாஸ்வேர்ட் எடிட்டர்ல வேலை செய்யாது. 2022 மே மாசக் கடைசிலேர்ந்து தனிநபர் கணக்குக்கு அந்த பழைய வழிய கூகுள் மூடிடுச்சு. ரெண்டு படி சரிபாப்ப ஆன் பண்ணிட்டு ஆப் பாஸ்வேர்ட் வாங்கணும். ஆப் பாஸ்வேர்ட்னா ஒரே ஒரு வேலைக்குன்னு அது தயார் பண்ணி குடுக்குற 16 எழுத்து சாவி, வேணாம்னா அத மட்டும் ரத்து பண்ணலாம், மெயின் பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும்.

இத ஈமேக்ஸ் கான்ஃபிக் ஃபைல்ல, அதாவது செட்டிங் எழுதி வெக்குற ஃபைல்ல, எழுதாதீங்க. நான் எழுதினேன். எழுதி, அந்த ஃபைல ஊருக்கே தெரியுற கிட் ரெப்போல (ஃபைலெல்லாம் சேத்து வெக்குற எடம்) ஏத்தி, நாலு மாசம் கழிச்சு வேற எதையோ தேடும்போது என் கண்ணுலயே பட்டுச்சு, அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. ரத்து பண்ணிட்டு புதுசு வாங்கினேன், ஃபைல்லேர்ந்து அழிச்சா மட்டும் போதாது, கிட் வரலாறுல அது அப்படியே உக்காந்திருக்கும்.

இதுக்குன்னு ஈமேக்ஸ் தேடுற ஃபைல் தனியா இருக்கு, பேரு புள்ளி வெச்ச 'ஆத்இன்ஃபோ', ஹோம் ஃபோல்டர்ல இருக்கணும். ஒரு கணக்குக்கு ஒரு வரி: எந்த மெஷின், எந்த லாகின், எந்த போர்ட், எந்த பாஸ்வேர்ட். உங்களத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பர்மிஷன் 600 போடுங்க. கடைசில ஜிபிஜிங்கற பூட்டு மென்பொருளோட வால் சேத்த பேருல வெச்சா ஃபைலே பூட்டி இருக்கும், அதான் நல்லது. ஈமேக்ஸ் இந்த வரிய சர்வர் பேரையும் போர்ட்டையும் வெச்சுத்தான் தேடும், கான்ஃபிக்ல 587ம் இங்க 465ம் இருந்தா வரி இருந்தும் இல்லாத மாதிரி பாஸ்வேர்ட் கேட்டு நிக்கும்.

## பூட்டு எதுவரைக்கும்

இது நெறைய பேருக்கு தெரியாது. திருவொற்றியூர்ல மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன்ல எறங்கி தாம்பரம் வண்டி புடிக்கிறோம். மொத வண்டில பெட்டி கதவு சாத்தியிருந்துச்சுன்னா அது பீச் வரைக்கும்தான், அங்க எறங்கிட்டா ப்ளாட்ஃபார்ம்ல எல்லார் கண்ணுக்கும் தெரிவோம், அடுத்த வண்டி கதவு அந்த வண்டியோட சமாச்சாரம். நீங்க செட் பண்ற டிஎல்எஸ் உங்க எடிட்டர்லேர்ந்து உங்க மெயில் சர்வர் வரைக்கும் மட்டும். அந்த சர்வர் மெயில தெறந்த நெலைல பாக்கும். அங்கேர்ந்து அடுத்த சர்வருக்கு போகும்போது வேற பூட்டு, அது பெரும்பாலும் முடிஞ்சா போடுற ரகம்.

ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் யாரும் படிக்கக்கூடாதுன்னா மெயில் உள்ளடக்கத்தையே பூட்டணும், அது பிஜிபி, 1991லேர்ந்து இருக்கு, வேற கதை. பாஸ்வேர்ட் திருட்டுப் போகாம இருக்கத்தான் டிஎல்எஸ்ஸ முக்கியமா பாக்கணும், கடிதத்தோட ரகசியத்துக்கு அது பாதி தூரம்தான்.

## தம்பி லேப்டாப்

அவனோடத பாத்தேன். 587, ஸ்டார்ட்டிஎல்எஸ், எல்லாம் சரியா ஜோடியா இருந்துச்சு, யாரோ வீடியோல சொன்னத பாத்து மாத்தியிருக்கான். வந்தது 535.

"அப்போ கதவு சரிதாண்ணா?"

"கதவு நேத்தே சரியாயிடுச்சு, நீதான் சும்மா சும்மா தெறந்து மூடிட்டிருக்க. ஆத்இன்ஃபோவ காட்டு."

காட்டினான். ஆப் பாஸ்வேர்ட் வாங்கி ஒட்டியிருக்கான், நல்ல பையன். ஆனா கூகுள் அத படிக்க வசதியா நாலு நாலு எழுத்தா நடுவுல எடம் விட்டு காட்டும், இவன் அந்த எடத்தோடயே காப்பி பண்ணியிருக்கான். இந்த ஃபைல்ல எடம் விட்டா அந்த சொல் முடிஞ்சதுன்னு அர்த்தம், அதனால ரெண்டு நாளா ஈமேக்ஸ் மொத நாலு எழுத்த மட்டும் எடுத்துட்டு போய் சர்வர்கிட்ட நீட்டிட்டிருந்திருக்கு. அது திரும்ப பாஸ்வேர்ட் கேட்டப்போலாம் இவன் தன்னோட சொந்த பாஸ்வேர்ட அடிச்சிருக்கான், அதுவும் செல்லாது.

மூணு எடத்த அழிச்சோம். 235 வந்துச்சு, அப்புறம் மெயில வாங்கிட்டேன்னு 250. அவனுக்கு அவனே அனுப்பின மெயில் போன்ல டிங்னு வந்துச்சு, தெறந்து பாத்தா சப்ஜெக்ட்ல 'டெஸ்ட்'டுக்கு பதிலா 'டெட்ஸ்'னு அடிச்சு வெச்சிருக்கான்.